முப்பத்தொரு சதவீதம்

ராத்திரி பதினொன்றேகால்.
மணலியிலிருந்து கேஸ் நாற்றம் வந்துவிட்டது.
ஜன்னலைச் சாத்தினால் கார்டுக்கு மூச்சு முட்டும்,
திறந்தால் எனக்கு.
திறந்தேதான் வைத்திருக்கிறேன்.

ரிச்சி தெருவில் எட்டாயிரத்து ஐநூறுக்கு வாங்கியது.
முன்பு யாரோ இதை வைத்துக் காசு தோண்டியிருக்கிறார்கள்;
இரண்டு விசிறியில் ஒன்று லேசாக இருமும்.
இப்போது தோண்டுவதில்லை, மடிக்கிறது.
எங்கோ ஓர் ஆய்வகம் அனுப்பும் புரதத்தை
இப்படி மடிந்தால் என்ன, அப்படி மடிந்தால் என்ன என்று
விடிய விடிய மடித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பும்.
கூலி கிடையாது.
கரண்ட் பில் என்னுடையது.

போன மாதம் வரை
ஒரு பொட்டலத்துக்கு மூன்று மணி நேரம்.
இப்போது பதினொன்று.
கெடு தாண்டினால் அதே பொட்டலத்தை
வேறு யாருக்கோ கொடுத்துவிடுகிறார்கள்.
கோபமில்லை. வெட்கம்தான்.

முதலில் டிரைவரைச் சந்தேகித்தேன்.
கழற்றினேன், பழையதைப் போட்டேன்,
மறுபடி புதியதைப் போட்டேன்.
லாரி புக்கிங் ஆபீசில் உட்காருகிறவனுக்கு
எதற்கெடுத்தாலும் டிரைவரைத் திட்டுவது பழகிப்போன ஒன்று.

அப்புறம் சூடு.
எண்பத்தேழு டிகிரி. திறந்தேன்.
வரிவரியாய் நின்ற அலுமினியத் தகடுகளுக்குள்
எண்ணூர் இருந்தது.
சலித்த மாவு போலச் சாம்பல்,
அதைக் காசிமேட்டு உப்புக்காற்று பிசைந்து
அடை தட்டி வைத்திருந்தது.
பழைய டூத் பிரஷ், ஸ்பிரிட், பொறுமை.
காய்ந்த பசையை வழித்துப் புதுப் பசை வைத்தேன்.
பட்டாணி அளவு போதும் என்பார்கள்,
என் பட்டாணி கொஞ்சம் பெரிது.
அறுபத்தெட்டு டிகிரி!
பொட்டலம்: பத்தே முக்கால் மணி நேரம்.

கால் மணி நேர வெற்றியைக் கொண்டாட
கீழே இறங்கி ஒரு பிளேட் அத்தோ சாப்பிட்டேன்.

வோல்டேஜ்தான் மச்சான் என்றான் மேல்மாடி ரூபஸ்.
தண்ணி மோட்டார் போடும்போது
இந்தத் தெருவே கண் சிமிட்டும், உண்மைதான்.
ஃபிரிட்ஜுக்குப் போட்டிருந்த ஸ்டெபிலைசரை
அவன் அம்மா தூங்கிய பிறகு கழற்றிக் கொண்டுவந்தான்.
ஒரு மாற்றமும் இல்லை.
அவன் வீட்டுப் பால் மட்டும் திரிந்தது.

இன்றைக்குத்தான்
அந்தப் பச்சைக் கோட்டை உட்கார்ந்து பார்த்தேன்.
முப்பத்தொரு சதவீதம்.
ஏறும், விழும், படுத்துக் கிடக்கும்,
ஏறும், விழும்.
கார்டு திணறவில்லை.
காத்துக்கொண்டிருந்தது.

துறைமுக கேட்டில் நாற்பது டிரெய்லர் நிற்கும்.
எந்த வண்டியிலும் கோளாறு இருக்காது.
உள்ளே தூக்கிவிடக் கிரேன் இல்லை, அவ்வளவுதான்.
தினம் நான் போனில் சொல்லும் வாக்கியம் இது.
எனக்கே நான் சொல்லிக்கொள்ள
பதினாறு நாள் ஆகியிருக்கிறது.

போன மாதம்
இதுவும் நல்ல காரியம்தானே என்று
பிராசஸரின் நாலு கோரையும்
வேறொரு கணக்குக்கு நேர்ந்துவிட்டிருந்தேன்.
மழை மேகமோ, நட்சத்திரமோ,
பெயர்கூடச் சரியாகப் படிக்கவில்லை.
கார்டு மடிக்க வேண்டியதை
எடுத்துக் கொடுக்க ஒரு கை வேண்டும்.
நாலு கையையும் தானம் கொடுத்துவிட்டு
ஏன் ஊட்டவில்லை என்று
வாயைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன்.

நூறு என்றிருந்ததை எழுபத்தைந்து ஆக்கினேன்.
ஒரு கோர் சும்மா.
கோடு தொண்ணூற்றேழில் போய் நின்று
இறங்கவே இல்லை.
விசிறி பலமாக இருமியது.
இன்னும் இரண்டு மணி ஐம்பது நிமிடம் என்றது திரை.
ரூபஸுக்கு மிஸ்டு கால் கொடுத்தேன்,
எடுக்கவில்லை, பால் கோபம்.

ஒன்று நாற்பதுக்குக் கரண்ட் போனது.

பரவாயில்லை.
அங்கங்கே முடிச்சுப் போட்டுக்கொண்டேதான் போகும்,
வந்ததும் நாற்பத்தைந்திலிருந்து பிடித்துக்கொள்ளும்.
விசிறி நின்ற பிறகு
கொருக்குப்பேட்டை யார்டில்
கூட்ஸ் பெட்டிகள் ஒன்றையொன்று முட்டி
கோத்துக்கொள்வது கேட்டது.
எத்தனை பெட்டி என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.
முப்பதுக்கு மேல் விட்டுவிட்டேன்.